நொதிப்பு வெப்பநிலைக் கட்டுப்படுத்தி

நொதிப்பு வெப்பநிலைக் கட்டுப்படுத்தி என்பது, வீட்டில் பியர் தயாரிப்போர் நொதிக்கும் மால்ட் சாற்றை வேண்டிய வெப்பநிலையில் வைத்திருக்கப் பயன்படுத்தும் மின்னணுக் கருவி ஆகும். பெரும்பாலும் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியையும் ஒரு சிறு சூடேற்றியையும் இது தேவைக்கேற்ப இயக்கி நிறுத்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில், சொந்தப் பயன்பாட்டுக்கு வரியின்றி பியர் தயாரிக்க 1978 இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம் வழிவகுத்தது. அங்கு வளர்ந்த இப்பொழுதுபோக்கில், கருவியைத் தாமே கட்டுவதும் ஒரு பகுதியாகும். ஆயத்தக் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

தேவை

சாற்றைச் சூடாக்குவது அறை மட்டுமன்று. மதுவம் எனப்படும் ஈஸ்ட்டும் சர்க்கரையை ஆல்ககோலாக மாற்றும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிலோகிராம் சர்க்கரைக்கு இது ஏறத்தாழ 600 கிலோயூல் ஆகும். 20 லிட்டர் சாற்றில் ஒன்றரை கிலோகிராம் சர்க்கரை நொதித்து, வெப்பம் வெளியேற வழியே இல்லையெனில், வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். நடைமுறையில் பெரும்பகுதி வெளியேறிவிடும். எனினும், தீவிரமாக நொதிக்கும் சாறு அறையை விடச் சில பாகைகள் சூடாகவே இருக்கும். ஏல் வகை பியருக்குப் பொதுவாக 18 முதல் 22 பாகையும், லாகர் வகைக்கு 8 முதல் 13 பாகையும் ஏற்றவை. வெப்பம் மிகுந்தால் காரமான சுவை தரும் உயர் ஆல்ககோல்கள் உருவாகின்றன. குறைந்தால் மதுவம் அடியில் படிந்து நொதித்தல் நின்றுவிடக்கூடும்.

அமைப்பு

ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையும் டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரியும் பரவலாகப் பயன்படுகின்றன. இவ்வுணரியின் துல்லியம் ±0.5 பாகை, இத்தேவைக்கு அது போதும். மின்னூட்டியவுடன் முதல் அளவீடு முடியுமுன் படித்தால் இது 85 பாகை என்றே காட்டும். நிரல் அதைப் புறக்கணிக்காவிடில், குளிர்ந்த சாற்றை மேலும் குளிர்விக்கப் பெட்டி இயங்கத் தொடங்கும். உணரியைக் கலனின் பக்கச் சுவரில் ஒட்டி, மேலே நுரைப்பஞ்சு வைத்து மூடுவது நல்லது. இல்லையேல் அது சாற்றை விட்டுக் காற்றையே அளக்கும்.

குளிர்சாதனப் பெட்டியை ரிலே இயக்குகிறது. 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் எடுக்கும். பலகையின் ஒரு முனை பாதுகாப்பாகத் தரக்கூடியது 20 மில்லிஆம்பியரே. ஆகவே இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். சுருளை நிறுத்தும்போது எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரை எரித்துவிடாதிருக்க, சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடும் வேண்டும்.

நிறுத்தும் முறை

கடினமான பகுதி அளப்பதன்று; எப்போது இயக்கக்கூடாது என்பதே. 20 லிட்டர் சாறு ஒரு பாகை குளிர ஏறத்தாழ 84 கிலோயூல் வெப்பத்தை இழக்க வேண்டும். பெட்டியின் காற்றோ விரைவில் குளிர்ந்துவிடும். எனவே, இயக்கத்தை நிறுத்திய பின்னும் சாறு தொடர்ந்து குளிரும். இலக்கின் இருபுறமும் அரைப் பாகையேனும் இடைவெளி விடாவிட்டால், குளிர்விப்பும் சூடேற்றமும் ஒன்றையொன்று எதிர்த்து மின்சாரத்தை வீணாக்கும்.

அமுக்கி எனப்படும் கம்ப்ரசர் நின்றவுடன் குளிர்பதனக் குழாய்களில் அழுத்த வேறுபாடு எஞ்சியிருக்கும். அது சமனாகுமுன் மீண்டும் இயக்கினால் மோட்டார் சுழல இயலாமல் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். இதனால் குறைந்தது ஐந்து நிமிடக் காத்திருப்பை நிரலில் சேர்ப்பது வழக்கம். மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும்போதும் இக்காத்திருப்பு செயற்பட வேண்டும். பலர் இதனை விட்டுவிடுகின்றனர்.

பாதுகாப்பு

ரிலேயின் ஒரு பக்கத்தில் வீட்டு மின்னழுத்தம் உள்ளது. அப்பகுதியைத் தாழ் மின்னழுத்தப் பகுதியிலிருந்து பிரித்து, மூடிய பெட்டியில், உருகியுடனும் நில இணைப்புடனும் அமைக்க வேண்டும். உணரியின் கம்பி அறுந்தால் சூடேற்றி, அமுக்கி இரண்டும் நிற்குமாறு நிரல் எழுதப்பட வேண்டும்.