மூன்று கை கிளிசரின்!

சினிமாவில் கதாநாயகி அழுவதற்குக் கண்ணில் போடுகிறார்களே, கிளிசரின்! அதே கிளிசரினிலிருந்து பிசினும் பெயிண்டும் கூடத் தயாராகின்றன.

கிளிசரின் மூலக்கூறுக்கு மூன்று கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு சேரும் அமிலத்துக்கு இரண்டு கைகள். காய்ச்சினால் இரண்டும் கை கோத்துக்கொள்ளும். 1901-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த வாட்சன் ஸ்மித் இப்படிப் பாலியெஸ்டர் பிசின் செய்தார்.

கிளிசரினின் இரண்டு கைகள் மட்டும் கோத்தால் நீண்ட சங்கிலி. மூன்றாவது கையும் கோத்தால் கிளை! கிளை அளவு மீறினால் வந்தது ஆபத்து. பாத்திரத்தில் உள்ளது அத்தனையும் ஒரே கட்டியாகிவிடும். உருக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கிளையை எண்ணுவது எப்படி?

பிசினைக் கரைத்து, பலமான காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையைப் பாய்ச்சுகிறார்கள். கார்பன் அணுக்கள் பதில் கொடுக்கின்றன. எத்தனை கைகள் கோத்திருக்கின்றனவோ, அதற்கேற்பப் பதில் மாறும். கருவி அதைக் கோடாக வரைந்துவிடும்.

பிறகு கணக்கு. வேறொரு பாலியெஸ்டருக்காக 1991-ல் ஹாக்கர், லீ, பிரஷே ஆகிய மூவர் சொன்ன கணக்குத்தான் இது. நூறு கிளிசரினில் மூன்று கையும் கோத்தவை 10, ஒரு கை மட்டும் கோத்தவை 30 என்றால், இரண்டையும் கூட்டி நூறால் வகுக்க வேண்டும். விடை 0.4. முழு மரத்துக்கு 1.

கட்டியானது கரையாது; கரையாததை இந்த முறையில் அளக்க முடியாது. ஆகவே, காய்ச்சும்போதே நடுநடுவே துளி எடுத்துப் பார்க்கிறார்கள்.