தட்டிவிட்டுப் போன வான்

நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழா முடிந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பினால், எங்கள் காரின் பின்கதவு உள்ளே நெளிந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற வானைக் காணவில்லை. புளியங்கூடலில் இருந்து விடியப்புறம் புறப்பட்ட களைப்பும் சேர, எனக்கு அழுகைதான் முதலில் வந்தது. பிறகு சேலைத் தலைப்பால் நெளிவைத் துடைக்கப் போனேன்.

"துடையாதை பிள்ளை, முதல்ல படம் எடு" என்று தடுத்தது கச்சான் விற்ற அம்மா. அந்த நெளிவுக்குள் வானின் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. துடைத்திருந்தால் என் கையாலேயே சாட்சியை அழித்திருப்பேன்.

காரை அசைக்க முன்னர் கிட்டவும் எட்டவும் நின்று படமெடுங்கள். நிலத்தில் சிதறிய கண்ணாடி, சில்லுத் தடம், பக்கத்து வாகனங்களின் இலக்கங்கள் எல்லாம் அதில் விழவேண்டும். பிறகு கடைக்காரர், ஓட்டோக்காரர், படகில் நிற்பவர்கள் என்று ஒருவரையும் விடாமல் கேளுங்கள். கடையில் கமரா இருந்தால் அன்றைக்கே கேட்கவேண்டும். நாள் போனால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

துரத்திப் போகவே வேண்டாம். இரண்டு பக்கமும் கடல் உள்ள ஒடுங்கிய தாம்போதிகள் எங்களுடையவை. ஒரு கதவுக்காக உயிரைக் கொடுக்கமுடியாது. 119க்கு அறிவித்து, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்துக்குப் பிறகு சாரதி நிற்கவேண்டும், தன் விபரம் கொடுக்கவேண்டும். நின்ற காரைத் தட்டினாலும் அது விபத்துத்தான். காப்புறுதி நிறுவனத்துக்கும் அங்கிருந்தே சொல்லுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் திருத்தச் செலவு அதில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்து வாடகைக் கார் ஓடுகிறவர்கள், திருத்த முன்னர் சொந்தக்காரருக்குச் சொல்லிவிடவேண்டும்.

கச்சான் அம்மா வானின் இலக்கத்தில் கடைசி நாலையும் மனதில் வைத்திருந்தார். அது போதுமாயிருந்தது. மூன்றாம் நாள் பொலிஸ் நிலையத்தில் இருபது வயதுப் பெடியன் ஒருவன் தலைகுனிந்து நின்றான். திருத்தச் செலவை இரண்டு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டான்.

"ஒரு துண்டில நம்பர் எழுதி வைச்சிருக்கலாமே தம்பி?"

"எழுதினனான் அக்கா. வைக்கேக்க பயம் வந்திட்டுது, கிழிச்சுப் போட்டன்."