பேச்சு நின்றுபோன வீடுகள்: தாம்பத்திய முரண்பாடும் மனச்சோர்வும்

வன்னியில் உளவளத்துணைப் பணியில் இருக்கிறேன். நான் சந்தித்த ஒரு தம்பதியினரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன். முதலில் மனைவிதான் வந்தார். நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, காலையில் எழும்பவே மனமில்லை என்றார். வீட்டில் அடி, உதை ஏதும் உண்டா என்று கேட்டேன். "இல்லை மிஸ். அவர் ஒண்டும் கதைக்கிறேல்லை. அதுதான் பிரச்சினை" என்றார். சில வாரங்களின் பின் கணவரும் வந்தார். "வாயைத் திறந்தால் சண்டை மிஸ். அதுதான் நான் எழும்பி வெளியில போறனான்" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. அவள் கேட்கக் கேட்க அவர் விலகினார். அவர் விலக விலக அவள் இன்னும் உரத்துக் கேட்டாள். அமெரிக்க உளவியலாளர் அன்ட்ரூ கிறிஸ்டென்சன் இந்தச் சுழலை நீண்டகாலம் ஆராய்ந்தவர். பெரும்பாலும் மனைவி கேட்பவராகவும் கணவன் விலகுபவராகவும் இருப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. ஆனால், கணவன் ஒரு மாற்றத்தை விரும்பும் விடயத்தைப் பேசவைத்தபோது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே இது 'பெண்களின் நச்சரிப்பு' அல்ல. எவருக்கு மாற்றம் தேவையோ அவரே கேட்டுக்கொண்டிருப்பார். இருக்கிறபடியே இருந்தால் போதும் என்பவர் விலகிப்போவார்.

இதில் மனச்சோர்வு எப்படி நுழைகிறது? 1978இல் ஜோர்ஜ் பிரவுண், டிரில் ஹரிஸ் என்ற இருவர், இலண்டனின் கம்பர்வெல் பகுதியில் 458 பெண்களிடம் செய்த ஆய்வை நூலாக வெளியிட்டார்கள். இழப்பு, வறுமை போன்ற கடும் துன்பத்துக்கு ஆளான எல்லாப் பெண்களும் மனச்சோர்வுக்கு உள்ளாகவில்லை. மனம்விட்டுக் கதைக்கக்கூடிய ஒருவர், குறிப்பாகக் கணவன், அருகில் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்துக் குறைவாக இருந்தது. அப்படி ஒருவரும் இல்லாதவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த எங்களுக்கு இந்த ஆய்வு சொல்வது சின்ன விடயம் அல்ல. நடந்த இழப்பை மாற்ற முடியாது. ஆனால் இழப்புக்குப் பிறகு வீட்டில் கதைக்க ஆள் இருக்கிறதா என்பது இன்றும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

மறுபுறம், மனச்சோர்வே உறவைக் கெடுக்கவும் செய்யும். 1976இல் ஜேம்ஸ் கொயின் இதை விளக்கினார். சோர்ந்தவர் "என்னில் விருப்பமோ, என்னை விட்டிட்டுப் போகமாட்டீங்கள்தானே" என்று திரும்பத் திரும்ப உறுதி தேடுவார். துணைவர் முதலில் ஆறுதல் சொல்வார். பிறகு களைத்துப்போவார். அந்தக் களைப்பு முகத்தில் தெரியும்போது, சோர்ந்தவரின் பயம் இன்னும் கூடும். முரண்பாடு மனச்சோர்வைக் கொண்டுவரும், மனச்சோர்வு முரண்பாட்டைக் கொண்டுவரும். எது முதலில் வந்தது என்று வழக்காடுவதில் பயனில்லை.

அப்படியென்றால் சண்டையே கூடாதா? ஜோன் கொட்மன், ரொபேர்ட் லெவென்சன் ஆகியோர் தம்பதிகளைப் பேசவிட்டு, இதயத் துடிப்பையும் முகபாவத்தையும் பதிவுசெய்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உறவை அரிப்பவையாகக் கொட்மன் நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறைகூறுதல், இளக்காரம், தன்னை மட்டும் நியாயப்படுத்துதல், கல்லாகிப்போதல். இவற்றுள் இளக்காரமே மிகக் கொடியது. நன்றாக வாழ்பவர்களும் சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் அந்தச் சண்டைக்குள்ளும் ஒரு கடுஞ்சொல்லுக்கு ஐந்து நல்ல சொல்லோ செயலோ இருக்கிறது. கல்லாகிப்போகிறவர் பெரும்பாலும் அலட்சியத்தில் அப்படி இருப்பதில்லை. உள்ளே நெஞ்சு படபடத்து, காது கேட்கும் நிலையைத் தாண்டிவிட்டிருப்பார். அப்போது குறைந்தது 20 நிமிடமாவது இடைவெளி தேவை.

இவை பெரும்பாலும் மேற்கு நாட்டு ஆய்வுகள். எங்கள் வீடுகளில் நுண்கடன் காசு கட்டும் நாளும், மாமியாரும், காணாமல் ஆக்கப்பட்ட தம்பியின் படமும் சேர்ந்தே இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. பதுங்குகுழியிலும் சோதனைச்சாவடியிலும் பேசாமல் இருந்ததால் தப்பிய மனிதர்கள் நாங்கள். அன்று உயிரைக் காத்த மௌனம், இன்று கட்டிலின் மறுபக்கத்தில் இருப்பவரைத் தனியாக்குகிறது. அந்தக் கணவரின் மௌனத்தை நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

1990 அளவில் நடந்த ஆய்வுகளில், மணவாழ்வு கசந்து மனச்சோர்வும் கொண்ட பெண்களுக்கு, தம்பதிகளாக அளித்த சிகிச்சை, தனியாள் சிகிச்சைக்கு நிகராகச் சோர்வைக் குறைத்தது. உறவையும் அதுதான் கூடுதலாகச் சீராக்கியது. ஆகவே முடிந்தால் இருவருமாக வாருங்கள். கடும் சோர்வுக்கு மருந்தும் தேவைப்படலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது முரண்பாடு அல்ல, வன்முறை. அங்கே "கதைத்துத் தீருங்கள்" என்பது ஆபத்தான அறிவுரை. அரச வைத்தியசாலைகளிலுள்ள நட்பு நிலையத்தையோ, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையோ நாடலாம். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

அந்தத் தம்பதியினருடன் ஒரேயொரு மாற்றத்தில்தான் தொடங்கினோம். அவர் வெளியே போகலாம். ஆனால் போகும்போது "அரை மணித்தியாலத்தில வந்து கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். அவள் அதுவரை பின்னால் போய்க் கேட்கக் கூடாது. முதல் வாரம் இரண்டு தரம் தவறியது. மூன்றாம் வாரம் வந்த மனைவி, "கடன் இன்னும் அப்படியேதான் இருக்கு மிஸ். ஆனால் இப்ப ரெண்டு பேரும் இருந்து கணக்குப் பாக்கிறம்" என்றார். கடந்த சில நாட்களாக நித்திரையும் வருகிறதாம்.