மழைக்கு முன்னே பெட்டியைக் கட்டுவோம்

கும்பகோணம் வட்டாரத்துக்கு வெள்ளம் இரண்டு வழியாக வருகிறது. ஆடி, ஆவணியில் கர்நாடகத்தில் மழை கொட்டி மேட்டூர் நிரம்பினால், உபரிநீரை முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து வாய்க்காலும் வயலும் ஒன்றாகிவிடுகின்றன. 2018ஆம் ஆண்டில் டெல்டா பட்டபாடு நினைவிருக்கும். ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்தது. 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் இடிந்தன. நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையையும் குடிசையையும் சேர்த்துச் சாய்த்தது.

தண்ணீர் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். ஆனால் பல கிராமங்களில் ஊர்த் தெரு மேட்டில் இருக்கிறது. நம் தெரு பள்ளத்திலும் வாய்க்கால் கரையிலும் இருக்கிறது. பண்ணையாளாக இருந்த நம் முன்னோருக்குக் காட்டப்பட்ட இடம் அது. குடியிருப்பு மனையை உழவுத் தொழிலாளருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. பட்டா கைக்கு வராத வீடுகள் இன்றும் உண்டு.

அதனால் நமது ஆபத்துக்காலத் திட்டம் அரிசி, டார்ச் லைட்டோடு முடியாது. முதலில் காகிதங்களைக் காப்பாற்ற வேண்டும். குடிசை விழுந்த பிறகு கணக்கெடுக்க வருபவர்கள் அட்டையையும் ஆதாரத்தையும்தான் கேட்பார்கள். அவை நனைந்து போனால் நிவாரணத்துக்கு அலைய வேண்டியதுதான்.

குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, பட்டா அல்லது வீட்டு வரி ரசீது, நூறு நாள் வேலை அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, தகரப் பெட்டியில் உயரமாக வைப்போம். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைப்போம். வீட்டை நான்கு பக்கமும் இப்போதே படம் எடுத்து வைத்தால், சேதமான பிறகு ஒப்பிட்டுக் காட்டலாம்.

பெட்டியோடு ஒரு பையும் வேண்டும். அதில் ஒரு வாரத்துக்கான மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தீப்பெட்டி, மாற்றுத்துணி, மாதவிலக்குத் துணி, குடத்தில் அடங்கும் அளவு குடிநீர்க் கேன். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்து, மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்துவிட வேண்டும்.

அடுத்தது தெருவின் திட்டம். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் யார் வீட்டில், நிறைமாதக் கர்ப்பிணி யார் வீட்டில், அவர்களைத் தூக்கிச் செல்லப்போவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வோம். ஆண்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருந்தால், அந்த வீட்டுப் பொறுப்பைப் பக்கத்து வீடு ஏற்கட்டும்.

எங்கே போய்த் தங்குவது என்பதுதான் பெரிய கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நிவாரணத்திலும் முகாம்களிலும் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. மறு ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, சமூகம், மதம், பாலினம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவின் எண்ணை ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பருவமழைக்குச் சற்று முன்பு, அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. அங்கே நாம் கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டியவை: நம் தெருவுக்கான தங்குமிடம் எது? அங்கே போகும் பாதை தண்ணீரில் மூழ்குமா? நள்ளிரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும்? வடிகால் வாய்க்கால் எப்போது தூர்வாரப்படும்? பதில்களைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் வாங்கி அதையும் பெட்டியில் வைப்போம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. இவற்றோடு கிராம நிர்வாக அலுவலரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, தெருவில் எல்லா வீட்டுக் கதவிலும் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.