கிள்ளானின் போக்கை மாற்றிய திருமணம்

கிள்ளான் போர் (1867–1874) ஈயத்துக்காக நடந்த சண்டை என்றே நாம் படித்து வந்திருக்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1857-இல் கிள்ளான் தலைவரான ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை அம்பாங் பக்கம் அனுப்பி ஈயம் தோண்டவைத்த நாள்முதல், கிள்ளான் ஆற்று வரி யாருக்கு என்பதே சிலாங்கூரின் பெரிய வழக்கானது. கிள்ளானின் முன்னாள் தலைவர் மகனான ராஜா மகாடி, தந்தையின் உரிமை கைநழுவிய ஆத்திரத்தில் 1867-இல் அப்துல்லாவிடமிருந்து ஊரைக் கைப்பற்றினார். ஆனால் அந்தச் சண்டை யார் கைக்குப் போனது, எங்கே முடிந்தது என்பதைத் தீர்மானித்தது ஒரு சம்பந்தமே.

சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட்டின் மகள் ராஜா அர்ஃபா முதலில் மகாடிக்குத்தான் நிச்சயிக்கப்பட்டிருந்தார். கிள்ளான் வருவாயில் மாதம் 500 வெள்ளி சுல்தானுக்குத் தர மகாடி மறுத்ததும் உறவு முறிந்தது. 1868-இல் கெடா சுல்தானின் சகோதரர் துங்கு குடின் அர்ஃபாவை மணந்தார். அதே ஆண்டு ஜூன் 26-இல் மாமனாரிடமிருந்து அதிகாரக் கடிதமும் பெற்றார். ஐரோப்பாவில் 1152-இல், பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியைப் பிரிந்த எலினோர் வருங்கால ஆங்கில மன்னர் ஹென்றியை மணந்தபோது, அவருடைய அக்கித்தேன் நிலமே அவரோடு போனது. இங்கே மணமகளோடு நிலம் வரவில்லை. சுல்தானின் பெயரால் போரிடும் உரிமை வந்தது.

மகாடிக்கு எதிரான போரில் குடினை வெல்லவைத்தது கோலாலம்பூர் சீனத் தலைவர் யாப் ஆ லோயின் ஆட்களும் பகாங் படையும் ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்ற வணிகர்களின் கடனும்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1873-இல் கோலாலம்பூரை மீட்டதில் பகாங் படையின் பங்கு பெரியது. ஆனாலும் சிலாங்கூரில் சொந்த ஊரோ குடிபடையோ இல்லாத ஓர் அயலாரை நம்பி அவர்கள் துணைக்கு வரக் காரணம் என்ன? அவர் சுல்தானின் மருமகன், கையில் அதிகாரக் கடிதம் உள்ளவர் என்பதுதான். அதே உறவின் எல்லையும் விரைவில் தெரிந்தது. அந்தக் கடிதம் நாட்டையே ஆளும் உரிமையைத் தரவில்லை என்று சுல்தானின் மகன்களும் மற்றத் தலைவர்களும் எதிர்த்தார்கள். பதவி கொடுத்த திருமணம் அவர்களின் விசுவாசத்தைக் கொடுக்கவில்லை. அந்தக் குறையைக் குடின் கடனாலும் வெளியார் படையாலும் நிரப்பினார். அந்த வழியாகவே ஆங்கிலேயர் செல்வாக்கு உள்ளே வந்தது. பின்னர் சுல்தானுக்கு ஆலோசகராகப் பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்து சேர்ந்தார்.

குடின் பதவி துறந்து பினாங்கு சென்று 1909-இல் மறைந்தார். 1898-இல் அரியணை சுல்தானின் மகன்வழிப் பேரன் சுலைமானுக்குப் போனது. 1886-இல் கிள்ளான் பக்கமிருந்து கோலாலம்பூருக்கு ரயில் ஓடியதும், தண்டவாள வேலைக்கு வந்த தமிழர்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியேறியதும் அந்த ரெசிடென்ட் ஆட்சியின் கீழ்தான். ஆகவே நம் குடியேற்றக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, தோட்டத்தோடும் தண்டவாளத்தோடும் நிறுத்திவிடாமல், ராஜா அர்ஃபாவின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.