கதவுக்கு வெளியே ஆகாயம்

பூட்டுக்குப் பெயர் போன ஊர் திண்டுக்கல். கதவைப் பூட்டிய பின் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கும் உண்டல்லவா? விண்கலத்திலிருந்து வெளியே போகிறவர்களுக்கும் அந்த ஜாக்கிரதை வேண்டும். அவர்கள் புறப்படும் சிற்றறைக்கு இரண்டு கதவுகள். உள்கதவை இறுகச் சாத்தி, அறையிலுள்ள காற்றை வெளியேற்றிய பிறகே வெளிக்கதவைத் திறக்கலாம். அதற்கு அப்பால் கால் வைக்கத் தரையில்லை, மூச்சுவிடக் காற்றில்லை. வெயில் பட்ட இடம் கொதிக்கும். நிழல் பட்ட இடம் உறையும். உடையில் பிணைத்த கயிறுதான் துணை!

அந்த வாசலைத் தாண்டிய இருவரையும், உள்ளே இருந்த ஒரு பெண்மணியையும் பற்றிக் கேளுங்கள்.

1997 நவம்பரில் கொலம்பியா விண்கலம் சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. திண்டுக்கல்லுக்கும் சென்னைக்கும் உள்ள தூரம்கூட இல்லை! ஆனால் நாம் இங்கே பஸ் ஏறி மதுரை போய்ச் சேருவதற்குள் அது உலகையே சுற்றி வந்துவிடும். அதில் இருந்தார் ஹரியானாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா.

நவம்பர் 21ஆம் தேதி, சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் துணைக்கோளை யந்திரக் கையால் அவர் வெளியே விட்டார். அது சொன்னபடி கேட்கவில்லை. திரும்பப் பிடிக்க முயன்றபோது யந்திரக் கை பட்டுச் சுழலத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து வின்ஸ்டன் ஸ்காட், டக்காவோ டோய் இருவரும் வெளியே போய், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அதைக் கைகளாலேயே பிடித்தார்கள். அன்று அவர்கள் வெளியே இருந்தது 7 மணி 43 நிமிஷம்!

அவர்கள் துணிச்சலுக்கு ஈடில்லை. ஆனால் கல்பனாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தாலே, "யார் கை பட்டது?" என்று கேட்கிறோமே! பல மாத விசாரணைக்குப் பின், மென்பொருளிலும், விண்ணிலும் தரையிலும் வகுத்திருந்த முறைகளிலும் குறைகள் இருந்தன என்று தெரிந்தது. பழி அவரை விட்டு நீங்கியது.

கல்பனா ஒதுங்கிவிடவில்லை. 2003 ஜனவரி 16ஆம் தேதி அதே கொலம்பியாவில் மறுபடி ஏறினார். பிப்ரவரி 1ஆம் தேதி, தரையிறங்கச் சில நிமிஷங்களே இருந்தபோது கலம் சிதறி, ஏழு பேரும் மாண்டார்கள்.

துணிவும் சாகசமும் காட்டும் பெண்ணுக்குத் தமிழ்நாடு அரசு சுதந்திர தினத்தில் அளிக்கும் விருதுக்குக் கல்பனா சாவ்லாவின் பெயர்தான். அவர் விண்வெளியில் நடந்தவரல்லர். பழிச்சொல் கேட்ட பிறகும் அதே வேலைக்குத் திரும்பி வந்தவர். கைதவறி ஏதோ ஒன்று கெட்டுப்போய், உங்கள் வீட்டுப் பெண் முகம் வாடி நிற்கும்போது, அவளை அருகே உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.