தனிக் கொட்டடியில் 16 ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போரின் முடிவில், சீனாவின் குன்மிங் நகரில் ஒரு ரிக்‌ஷாக்காரரின் சின்னப் பெண்மீது அமெரிக்க ராணுவ வண்டி ஏறிவிட்டது. ஓட்டிய சிப்பாய் குடித்திருந்தான். இழப்பீட்டு மனுக்களைக் கவனிக்கும் பிரிவில் சீன மொழி தெரிந்தவராக இருந்தார் சிட்னி ரிட்டன்பெர்க் என்ற அமெரிக்க இளைஞர். அந்தக் குடும்பத்துக்காக அவர் எவ்வளவோ போராடியும் கிடைத்தது 26 டாலர்தான். பணத்தை வாங்கிப்போன தகப்பன் மறுபடியும் வந்தார். உதவி செய்ததற்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று அதிலிருந்தே 6 டாலரை எடுத்து நீட்டினார்.

அந்த 6 டாலர் ரிட்டன்பெர்க்கை உலுக்கிவிட்டது. போர் முடிந்து தோழர்கள் ஊர் திரும்ப, அவர் சீனாவிலேயே தங்கிவிட்டார். 1946-ல் கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானுக்குப் போய்ச் சேர்ந்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானார். செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தார். மாவோவோடு உட்கார்ந்து லாரல் - ஹார்டி படம் பார்த்தார்.

1949 ஜனவரியில் கைது. அமெரிக்க ஒற்றர் என்று மாஸ்கோவிலிருந்து வந்த குற்றச்சாட்டுதான் காரணம். வெளிப்படையான விசாரணை எதுவும் இல்லை. முதல் ஒரு வருடம் வெளிச்சமே இல்லாத அறையில் வைத்திருந்தார்கள். தூங்க விடவில்லை. மனம் பிசகியது. சின்ன வயதில் மனப்பாடம் செய்த கவிதை வரிகளைச் சொல்லிச் சொல்லித்தான் தன்னைப் பிடித்து வைத்துக்கொண்டார். சீன மனைவி இதற்கிடையில் விவாகரத்து வாங்கிப் போய்விட்டார். ஆறு வருடம் கழித்து, 1955-ல், தவறு நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு வெளியே விட்டார்கள்.

வெளியே வந்தவர் கட்சியை முன்னைவிட அதிகமாக நம்பினார். இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் கொள்கைப்பிடிப்பு என்று வியக்கிறார்கள். எனக்கு வியப்பு வரவில்லை, பயம்தான் வருகிறது. பேச்சுத்துணையே இல்லாமல் வருடக்கணக்காக அடைபட்டவனுக்கு, விசாரணை அதிகாரியின் குரல் ஒன்றுதான் மனிதக்குரல். தன்மீதே குறை தேடத் தொடங்கினால் அதை மறுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் கிடையாது. அடித்தால் தழும்பாவது மிஞ்சும், பார்த்தவர்கள் கேட்பார்கள். தனிமையில் அடைத்தால் கேட்பதற்கு எதுவும் தெரிவதில்லை.

மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது பீக்கிங் வானொலியில் அவர் கிளர்ச்சிக் குழுவின் முன்னணியில் நின்றார். மேடை ஏறி மற்றவர்களைச் சாடினார். அதனால், விதைத்ததைத்தான் அறுத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் செய்ததை நியாயப்படுத்த முடியாதுதான். அதற்காக, 1968 பிப்ரவரி முதல் 1977 நவம்பர் வரை ஒருவரைத் தனியே பூட்டி வைக்கலாமா? இந்த முறையும் வழக்குமன்றம் கிடையாது.

அதே காலத்தில் பிரிட்டன்காரர் டேவிட் குரூக், வெளிநாட்டில் பிறந்த இஸ்ரேல் எப்ஸ்டைன் போன்ற தோழர்களும் உள்ளே இருந்தார்கள். 1973-ல் அவர்களை விட்டார்கள். ரிட்டன்பெர்க்குக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

சிறைக்கு வெளியே அவர் பின்னர் மணந்த மனைவி வாங் யூலின் நான்கு குழந்தைகளோடு தவித்தார். ஒற்றனின் பெண்டாட்டி என்ற பழி. உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். ஆனாலும் அவர் கணவரைக் கைவிடவில்லை. 1980-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போன ரிட்டன்பெர்க், 2019-ல் தமது 98-ஆவது வயதில் இறந்தார். இரண்டு தடவையும் சேர்த்து 16 ஆண்டுகள் சிறை. அதில் ஏறக்குறைய முழுவதும் தனிமை.

சீனா, புரட்சி, பனிப்போர் என்று இந்தக் கதையைப் பழங்கணக்கில் எழுதிவிட முடியவில்லை. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ உருப்படியான மனிதத் தொடர்பில்லாமல் ஒருவரை அடைத்து வைப்பதுதான் தனிமைச் சிறை என்றும், அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது என்றும் ஐ.நா. பொதுச்சபை வரையறுத்தது 2015-ல்தான். மண்டேலா விதிகள் என்று அதற்குப் பெயர். 27 ஆண்டு சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கிய அந்த விதிகளும் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பாதுகாப்புக்காக, ஒழுங்குக்காக, விசாரணை முடியாததற்காக என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி 15-ஆவது நாளைத் தாண்டிவிடலாம்.

தண்டனை பெற்றவருக்காவது விடுதலைத் தேதி ஒன்று இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. ரிட்டன்பெர்க் இருமுறையும் அப்படித்தான் கிடந்தார்: எத்தனை வருடம் என்று அவருக்கும் தெரியாது, வாங் யூலினுக்கும் தெரியாது. ஒரு கைதியைத் தனியே வைத்தால் முதல் வாரத்திலேயே சிறைக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும், வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும், 15-ஆவது நாள் கதவைத் திறந்தாக வேண்டும். எந்த நாடாக இருந்தாலும், எந்தக் குற்றச்சாட்டாக இருந்தாலும், இதைச் சட்டமாக எழுதச் சொல்லிக் கேட்பது நியாயம்.